அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு

"வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கான் சார், நாமதான் எதையும் எழுதி வைக்கல." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எந்த இலக்கியக் கூட்டத்திலிருந்தும் நான் வீடு திரும்பியதில்லை. ஆதாரம் கேட்டால், இங்கிலாந்தில் சாதாரண மனிதர்கள்கூடத் தங்கள் பரம்பரையைத் தேடிக் கண்டுபிடிப்பதைச் சொல்வார்கள். தப்பில்லை. 1538இல் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1837 ஜூலையிலிருந்து பிறப்பு இறப்பை அரசே பதிந்தது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. பெரும்பாலானவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கையில் கிரெடிட் கார்டு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்து தலைமுறை மேலே ஏறிவிடலாம்.

ஏறலாம்தான். யாருடைய பேரனாக இருந்தால் ஏறலாம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சவுத் ஷீல்ட்ஸ் என்று ஓர் ஊர். இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு வடகடலில் கலக்கும் இடத்தில், தென்கரையில் இருக்கிறது. நிலக்கரியாலும் கப்பல்களாலும் பிழைத்த துறைமுகம். 1890களிலிருந்து ஏமன் நாட்டு மாலுமிகள் இங்கே வந்து தங்கத் தொடங்கினார்கள். நீராவிக் கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அவர்கள் வேலை. கரையில் இருக்கும் நாட்களில் அரபு விடுதிகளில் தங்கினார்கள். பலர் அந்த ஊர்ப் பெண்களையே கட்டிக்கொண்டு அங்கேயே குடும்பமானார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தின் கொள்ளுப்பேத்தி இன்று தேட உட்காருகிறாள் என்று வையுங்கள். கொள்ளுப்பாட்டி வழியில் ஒரு சிக்கலும் இல்லை. ஊர் நடுவில் இருக்கும் செயின்ட் ஹில்டா தேவாலயத்தின் பதிவேடுகள் அவளை மேலே மேலே கொண்டுபோகும். கொள்ளுத்தாத்தா வழியில் முதல் படியிலேயே கால் இடறும். 1920களில் பிறந்த தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு நேரே வெறும் கோடு.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நிக்காஹ் மட்டும் செய்துகொண்ட தம்பதி இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் கல்யாணமாகாதவர்கள். கல்யாணமாகாதவர்களின் குழந்தைக்கு அப்பா பெயர் பதிய வேண்டுமென்றால், 1875 முதல் இருந்த விதிப்படி, அப்பாவே பதிவாளர் முன்னால் வந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவரோ எங்கோ நடுக்கடலில் கரி அள்ளிக்கொண்டிருக்கிறார். எழுத்தர் கோடு போட்டுவிட்டார். நூறு வருஷம் கழித்து வம்சாவளித் தளம் அதைப் படித்துவிட்டு 'தந்தை: தெரியவில்லை' என்கிறது. தெரியவில்லையா? அந்தத் தெருவுக்கே தெரியும்.

(இந்த ஊரில் கோடு போடுவதற்கு நிறம்கூடக் கட்டாயமில்லை. இங்கேயே டைன் டாக் பகுதியில் 1906இல் பிறந்த நாவலாசிரியர் கேத்தரின் குக்சன், பெற்ற அம்மாவை அக்கா என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தவர்.)

சரி, முறையாகப் பதிவுத் திருமணமே செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு கதை தொடங்குகிறது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அந்நியனைக் கட்டிக்கொண்டவள் அந்நியள். செயின்ட் ஹில்டாவில் பாட்டி, முப்பாட்டி எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் சரி, மோதிரம் மாற்றிய நாளிலிருந்து பிறந்த ஊரிலேயே அவள் வெளிநாட்டுக்காரி. காவல் நிலையத்தில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். நடுவே சில திருத்தங்கள் வந்தன, ஆனால் 1949 பிறக்கும்வரை சட்டத்தின் அடிப்படை இதுதான்.

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. கணவன் ஏடனில் பிறந்தவனாக இருந்தால் அவன் பிரிட்டிஷ் பிரஜை, மனைவிக்கும் குடியுரிமை போகாது. ஏடன் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்த்தி. 1932 வரை பம்பாயிலிருந்துதான் ஆண்டார்கள். ஆனால் இந்த மாலுமிகளில் பெரும்பாலோர் ஏடன்காரர்கள் இல்லை, உள்ளே மலை கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கப்பல் ஊழியர் பட்டியல்களைத் திறந்து பாருங்கள், வரிசையாக 'பிறந்த ஊர்: ஏடன்' என்றே இருக்கும். பொய்தான். மென்பொருள் எழுதும் எவருக்கும் இந்தப் பொய் பழக்கமானது. பிறந்த தேதியைக் கட்டாயமாக்கிவிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஜனவரி 1இல் பிறந்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் தண்டிக்கிற படிவத்துக்கு உண்மை கிடைக்காது. அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் கொள்ளுப்பேத்தி இன்று ஏடனில் தன் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் ஊர் எந்த மலையில் இருக்கிறதோ.

1925இல் அந்தப் பொய்யும் பலிக்காமல் போனது. 'நிற அந்நிய மாலுமிகள்' என்று தலைப்பிலேயே எழுதி ஓர் உத்தரவு போட்டார்கள். பிரிட்டிஷ் பிரஜை என்பதைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாத கறுத்த மாலுமி, உண்மையிலேயே பிரஜையாக இருந்தாலும், அந்நியனாகப் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வைத்துக்கொண்டு யார் கப்பலேறினான்?

1930 ஆகஸ்ட் 2. ஆற்றங்கரையில் மில் டாம் என்ற இடம், மாலுமிகள் வேலைக்கு ஆளெடுக்கும் அலுவலகம் அங்கேதான். அரபு மாலுமிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சுழற்சிப் பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கலவரமானது, போலீஸ் தடியடி நடத்தியது. சிறைக்குப் போன அரபுகள் பலரைத் தண்டனைக்குப் பின் நாடு கடத்தினார்கள். 1931 கணக்கெடுப்பில் யார் எந்த வீட்டில் மிஞ்சியிருந்தார்கள் என்று பார்க்கலாமே என்று தோன்றும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான அந்தத் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டன. 1941இல் போர், கணக்கெடுப்பே இல்லை. 1951 தாள்களை 2052இல்தான் திறப்பார்கள். தீ விபத்துக்கு யார் மேலும் பழி போட முடியாது. மற்றவை விபத்து இல்லை.

"எழுதி வெச்சதாலதானே இவ்வளவும் உனக்கே தெரியுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். 1925 உத்தரவும் எழுத்துதான், போலீஸின் அந்நியர் பதிவேடும் எழுத்துதான், கலவர வழக்குத் தாள்களும் எழுத்துதான். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். கொள்ளுப்பாட்டியை எழுதியது தேவாலயம், அவள் தங்கள் ஆள் என்பதற்காக. கொள்ளுத்தாத்தாவை எழுதியது காவலர், அவர் தங்கள் ஆள் இல்லை என்பதற்காக. மகனின் பிறப்புச் சான்றிதழில் இல்லாத பெயர் குற்றப்பத்திரிகையில் இருக்கக்கூடும். கைதானால்தான் தாத்தா கிடைப்பார் என்றால் அதற்குப் பெயர் ஆவணப் பண்பாடா?

வம்சாவளித் தளங்கள் இதைச் சொல்லாது. அன்செஸ்ட்ரி நிறுவனத்தை 2020இல் பிளாக்ஸ்டோன் வாங்கிய விலை 470 கோடி டாலர். அவர்கள் விற்பது கிளை விட்ட அழகான மரத்தை. அப்பா யாரென்று நிஜமாகவே தெரியாத கட்டமும், சட்டம் எழுத விடாத கட்டமும் அந்தத் தரவுத்தளத்தில் ஒரே வெறுமைதான். ஏன் காலியாக இருக்கிறது என்று எழுத அங்கே கட்டமே கிடையாது. அப்புறம் எச்சிலை அனுப்பினால் சதவீதக் கணக்கு போட்டு வண்ண வரைபடம் வேறு தருவார்கள். சட்டம் வெட்டிய கிளைக்குச் சதவீதத்தில் ஆறுதல்.

இதையெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினை என்று விட்டுவிடலாம்தான், அந்தக் காலிக் கட்டங்களின் மேல் நின்றுகொண்டு யாரும் 'நாங்கள் மட்டும்தான் இந்த மண்ணின் பிள்ளைகள்' என்று கத்தாமல் இருந்தால். 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட் என்ற இன்னொரு கடற்கரை ஊரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொலையாளி வந்தேறி முஸ்லிம் என்று வதந்தி கிளம்பியது. பிடிபட்டவன் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவன். பரம்பரை பார்க்க யாருக்கும் அன்று பொறுமை இல்லை. மறுநாள் அந்த ஊர் மசூதியைக் கல்லால் அடித்தார்கள். கலவரம் ஊர் ஊராகப் பரவி, சவுத் ஷீல்ட்ஸுக்குச் சில மைல் தெற்கே உள்ள சண்டர்லாந்துக்கு வந்த தேதி ஆகஸ்ட் 2. மில் டாம் தடியடி நடந்து சரியாகத் தொண்ணூற்று நான்கு வருஷம். நாட்டைத் திருப்பிக் கொடு என்பதே அந்த நாட்களின் கோஷம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரின் கொள்ளுத்தாத்தா பெயருக்கு நேரே கோடு இருக்கும்?

அதைச் சரிபார்க்கும் அலுவலகமும் அவர்கள் முதலில் கல்லெறிந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸின் பிறப்புச் சான்றிதழ்களைத் தரும் தலைமைப் பதிவகம் சவுத்போர்ட்டில். பன்னிரண்டரை பவுண்டு கட்டினால் தபாலில் நகல் வரும், கோட்டோடு.