பெட்ரோல் மோட்டாரும் பத்து விரல்களும்



பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுப் புல்வெட்டும் மெசின் பழுது பார்க்கும் பட்டறையில் கையாளாக இருக்கிறாராம். கையில் சேர்ந்த பணத்தோடு அப்பாவிடமும் கொஞ்சம் வாங்கி, வானொலி அலையால் இயக்கும் மாதிரி விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். பெட்ரோலில் ஓடும் 30 சிசி மோட்டார் பூட்டியது. சோக்கை மூடி விசிறியைத் தட்டினால் ஒருமுறை வெடிக்கிறதாம். சோக்கைத் திறந்தால் ஐந்து விநாடி ஓடி நின்றுவிடுகிறதாம். போன மாதம் விசிறி திருப்பி அடித்ததில் சுட்டுவிரலில் நான்கு தையல். அன்றிலிருந்து அம்மா அந்த விமானத்தைக் கால்வாயில் வீசச் சொல்கிறார். அப்பாவோ போட்ட பணத்தை நினைத்துப் பேசாமல் இருக்கிறார். என்ன செய்யட்டும் என்று கேட்கிறார் தம்பி.

முதலில் அம்மாவின் பக்கம் பேசிவிடுகிறேன். 30 சிசி மோட்டாரின் முன்னால் சுமார் 18 முதல் 20 அங்குல விசிறி இருக்கும். 20 அங்குல விசிறி நிமிடத்துக்கு 7000 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி மணிக்கு 670 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஐயம் இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வட்டத்தின் சுற்றளவு தெரிந்தால் போதும். நான்கு தையலோடு போனது அந்த வீட்டாரின் அதிர்ஷ்டம். அம்மா கோபப்பட்டதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் கால்வாயில் வீச வேண்டிய சாமான் அல்ல அது. அந்த மோட்டார் தம்பிக்கு அந்நியமும் அல்ல. செம்பனைக் காட்டில் நாள் முழுதும் முதுகில் சுமக்கிறோமே புல்வெட்டும் மெசின், அதற்கும் இதற்கும் ஒரே குடும்பம். இரண்டடி மோட்டார், பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய், தீப்பொறி தரும் பிளக் எல்லாம் அப்படியே. மாதிரி விமானக்காரர்கள் ஒரு காலத்தில் மெத்தனால் மோட்டாரைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். அதற்கு மெத்தனாலும் எண்ணெயும் கலந்த தனி எரிபொருள் வாங்க வேண்டும், விலையும் அதிகம். விமானங்கள் பெரிதாகப் பெரிதாக, மரம் அறுக்கும் வாளின் மோட்டாரையும் புல்வெட்டியின் மோட்டாரையும் கழற்றி விமானத்தில் பூட்டிப் பார்த்தார்கள். பறந்தது. இன்று விமானத்துக்கென்றே செய்யப்படும் பெட்ரோல் மோட்டார்களிலும் அந்தப் பரம்பரையின் கார்புரேட்டர்தான் பெரும்பாலும் இருக்கிறது.

இந்தக் கார்புரேட்டரைப் புரிந்துகொண்டால் தம்பியின் சிக்கலில் பாதி தீர்ந்தது. நம் வீட்டுப் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதில் பெட்ரோல் நிற்கும், மேலே ஒரு மிதவை கிடக்கும். மோட்டார் சைக்கிளைக் கீழே சாய்த்தால் பெட்ரோல் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். விமானமோ தலைகீழாகப் பறக்கும், செங்குத்தாக ஏறும். கிண்ணம் அங்கே உதவாது. ஆகவே கிண்ணத்துக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்திருக்கிறார்கள். மோட்டாரின் அடிவயிற்றில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அழுத்தம் கூடிக் குறைகிறதல்லவா? அந்தத் துடிப்பு ஒரு சவ்வை ஆட்டி, பம்பு போலத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இன்னொரு சவ்வு எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்று ஊசியைத் திறந்து மூடுகிறது. இரண்டும் தாள் போல மெல்லியவை. பழைய பெட்ரோலில் மாதக்கணக்கில் ஊறிக் காய்ந்தால் அட்டை போல விறைத்துவிடும்.

இப்போது தம்பியின் ஐந்து விநாடிக்கு வருவோம். சோக்கை மூடித் தட்டியபோது கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போயிற்று. அது எரிந்தவரை மோட்டார் ஓடியது. பின்னால் புதிதாகப் பெட்ரோல் வரவில்லை, நின்றுவிட்டது. ஆகவே தீப்பொறியில் குறையில்லை என்று வைத்துக்கொண்டு, பெட்ரோல் வரும் வழியைத் தொட்டியிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது குழாயை. மெத்தனால் மோட்டாருக்குச் சிலிக்கான் குழாய் போடுவார்கள். அதே குழாயைப் பெட்ரோலுக்குப் போட்டால் ஊறிப் பருத்து, இணைப்பிலிருந்து நழுவும் அல்லது காற்றை உறிஞ்சும். பழைய சாமான் விற்கிறவர்கள் கையில் கிடைத்த குழாயை மாட்டித் தந்துவிடுவது உண்டு. தொட்டியின் வாயை அடைக்கும் ரப்பரும் அப்படித்தான். பெட்ரோலுக்கானது தனியாக இருக்கிறது. அடுத்து, தொட்டிக்குள் குழாயின் முனையில் தொங்கும் கனமான குண்டு எல்லாப் பக்கமும் விழுகிறதா என்று குலுக்கிப் பார்க்க வேண்டும். காற்றுப் போகும் குழாய் அடைத்திருந்தாலும் பெட்ரோல் வராது. மூடி இறுகிய பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் எப்படி இறங்கும்? அதற்கப்புறம் கார்புரேட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு வலையையும் சவ்வையும் பார்க்கலாம். விறைத்திருந்தால் புதுச் சவ்வு வாங்கிப் போடுவதே நல்லது. இந்த வேலை அவர் பட்டறையில் அன்றாடம் செய்வதுதான்.

எண்ணெய்க் கலவை பற்றி ஒரு வார்த்தை. மோட்டாரோடு வந்த தாளில் எத்தனைக்கு ஒன்று என்று போட்டிருக்கிறதோ அதுவே வேதவாக்கு. 40க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி. 32க்கு 1 என்றால் 31 மில்லி. பாட்டில் மூடியால் உத்தேசமாக ஊற்றுவது கூடாது. மருந்துக் கடையில் விற்கும் ஊசிக்குழல் போதும், அளவு எழுதியிருக்கும். இரண்டடி மோட்டாருக்கான 2டி எண்ணெய்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளின் நான்கடி மோட்டாருக்கான எண்ணெய் ஆகாது. கலந்த பெட்ரோலைச் சாமி விளக்கும் அடுப்பும் இருக்கிற வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

இனி ஓட விடும் முறை. விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து இறுகப் பிடிக்க வேண்டும், அல்லது வாலைக் கம்பத்தில் கட்ட வேண்டும். தனியாக ஒருநாளும் கூடாது. விசிறியில் கீறல், வெடிப்பு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. தட்டுகிற கையில் தடித்த தோல் உறை. சட்டைக் கை தொங்கக் கூடாது, கழுத்தில் சங்கிலி கூடாது. சின்னப் பிள்ளைகள் விசிறிக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் நிற்கவே கூடாது.

புல்வெட்டும் மெசினில் கயிறு இழுத்தால் காந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றித் தீப்பொறி உண்டாகிறது. இந்த விமான மோட்டாரில் கயிறு இல்லை. பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் மின்பொறிப் பெட்டி இருக்கும். அது மெதுவாகச் சுற்றினாலும் பலமான பொறி தரும். ஆகவே கையால் தட்டினாலே மோட்டார் பிடித்துக்கொள்கிறது. இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. சுவிட்ச் போட்டிருக்கும்போது விசிறியைச் சும்மா தள்ளினாலும் மோட்டார் வெடிக்கும். சுவிட்ச் போட்டதும் எரிகிற சிறு விளக்கு ஒன்றை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியவில்லை என்றாலும், எரிவதாகவே எண்ணி விசிறியைத் தொடுங்கள்.

முதலில் சுவிட்சை அணைத்து, சோக்கை மூடி, கார்புரேட்டரின் வாய் பெட்ரோலில் நனையும் வரை விசிறியைச் சுற்ற வேண்டும். பிறகு பிடிப்பவரிடம் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டு, திராட்டலைக் கீழே வைத்து, உறுதியாக ஒரே தட்டு. தட்டிய கை அப்படியே விசிறியின் வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். விரலை விசிறியில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. ஒருமுறை வெடித்ததும் சோக்கைத் திறந்து மீண்டும் தட்டினால் ஓடும். வெடித்த பிறகும் சோக்கை மூடி வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்து, அன்றைய மாலை வீணாகும். அப்படி நனைந்தால் பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம். ஆனால் பிளக்கை உலோகத்தில் தொட வைக்காமல் பொறியை மட்டும் சோதிக்க வேண்டாம், மின்பொறிப் பெட்டி கெட்டுப்போகும்.

ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிடமாவது சூடேற விட்டுப் பிறகு திருகாணிக்கு வாருங்கள். கார்புரேட்டரில் 'எல்' என்றும் 'எச்' என்றும் இரண்டு ஊசித் திருகாணிகள். முன்னது மெதுவோட்டத்துக்கு, பின்னது முழுவேகத்துக்கு. இரண்டையும் மென்மையாக மூடி, ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று வரை திறந்து வைத்தால் பெரும்பாலும் மோட்டார் ஓடும். அங்கிருந்து சரிசெய்ய வேண்டும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். திருகாணியைத் தொடும்போது மோட்டாரை மெதுவோட்டத்துக்குக் கொண்டுவந்து, விசிறிக்குப் பின்னால் நின்று தொட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

மெதுவோட்டத்தில் இருந்து திராட்டலைத் திடீரென்று திறந்து காதால் கேளுங்கள். மூச்சு அடைத்தது போல் சட்டென்று நின்றால் 'எல்' பக்கம் பெட்ரோல் போதவில்லை. தடுமாறி, தொண்டையைக் கனைத்து, புகை கக்கிக்கொண்டு மெல்ல ஏறினால் பெட்ரோல் அதிகம். தயங்காமல் ஏறினால் சரி. பிறகு 'எச்'. முழுவேகத்தில் சுற்று உச்சத்துக்குப் போகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 200, 300 சுற்றுக் குறைகிற அளவுக்குத் திருகாணியை வெளியே விட வேண்டும். இளைஞர்கள் கேட்க மறுப்பது இதைத்தான். உச்சத்திலே வைத்தால் காதுக்கு இனிமையாக இருக்கிறது, வேகமும் கூடுதல். ஆனால் இந்த மோட்டாருக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, சூடு ஏறுகிறது, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் புகை வந்தால் வரட்டும். 'எல்' ஊசி முழுவேகத்தையும் சிறிது பாதிக்கும் என்பதால் 'எச்'சை வைத்த பின் இன்னொரு முறை இரண்டையும் பார்க்க வேண்டும். சில நாள் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம்.

இந்த ஊசியைத் திருகுவதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேனார்ட் ஹில். 2003 ஆகஸ்டில் இவருடைய குழுவினர் விட்ட மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் புறப்பட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. சுமார் 3,000 கிலோமீட்டர். 38 மணிக்கு மேல் பயணம். எரிபொருளோடு சேர்த்து விமானத்தின் எடை 5 கிலோவுக்குள். மெத்தனாலுக்கான 10 சிசி மோட்டாரைத் தீப்பொறி மோட்டாராக மாற்றி, முகாம் விளக்குக்கு ஊற்றும் வெள்ளைப் பெட்ரோலில் ஓட விட்டார். சொட்டுச் சொட்டாகக் குடிக்கும்படி மோட்டாரைப் பழக்கியதுதான் அந்த வெற்றியின் ரகசியம். அப்போது அவருக்கு வயது 77. பார்வை ஏறக்குறைய போய்விட்டது, காதும் மந்தம்.

நம்மவர்களில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெயர் போனவர் நடிகர் அஜித்குமார். சென்னை குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி., அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி. அங்குள்ள மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு 2018இல் அவர் ஆலோசகராக இருந்தார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் குழு இரண்டாமிடம் பெற்றது. அப்பாவிடம் இதைச் சொல்லலாம். ஆனால் நடிகர் செய்கிறார் என்பதற்காக யாரும் கடன் வாங்கி விமானம் வாங்க வேண்டாம். தம்பிக்கு நான் மதிப்பது வேறு. சவ்வுக் கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யத் தெரிந்தவனுக்குப் புல்வெட்டும் மெசின், மருந்து தெளிக்கும் மெசின், மரவாள் மூன்றிலும் வேலை உண்டு.

பறக்க விடுவதற்கு முன் இரண்டு சங்கதி. மின்பொறிப் பெட்டியையும் அதன் பேட்டரியையும் வானொலி வாங்கிக் கருவியிலிருந்து தள்ளி வைத்து, மோட்டார் ஓடும்போதே தூரச் சோதனை செய்ய வேண்டும். தொடர்பு அறுந்தால் திராட்டல் தானே மூடும்படி அமைத்திருக்க வேண்டும். இன்னொன்று இடம். நீலாய், லாபு பக்கம் இருப்பவர்கள் சிப்பாங் விமான நிலையத்தை மறக்கக் கூடாது. விமான நிலைய வட்டாரத்திலும் 400 அடிக்கு மேலும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பறக்க விடுவது குற்றம். பகாவ் தம்பிக்கு விமான நிலையம் தூரம்தான். ஆனாலும் விதியை ஆணையத்திடம் கேட்டறிந்து, தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் திடலுக்குப் போகட்டும். பள்ளித் திடல் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவரும் முன் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை மோட்டாரை ஓட விட்டு நிறுத்துங்கள். புதுக் குழாய் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஐந்து விநாடி எத்தனை நிமிடமாயிற்று என்று தம்பி ஒரு கார்டு எழுதட்டும். தையல் பிரித்தாயிற்றா என்பதையும் அம்மா கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.