தாழ்வது எது?

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூருக்கும் ஜாவாக் கடற்கரையிலுள்ள ஜகார்த்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இரண்டு இடத்து ஜனங்களும் பூமியைத் துளைத்து நீரை உறிஞ்சுகிறார்கள்.

ஜகார்த்தா, ஆறுகள் கொண்டு வந்து சேர்த்த வண்டலின் மீது நிற்கும் நகரம். அம்மண்ணின் இடுக்குகளில் தங்கிய நீரும் சேர்ந்தே மேலுள்ள பாரத்தைத் தாங்குகிறது. நீரை இறைத்துவிட்டால் களிமண் அமுங்குகிறது. நகரமும் கூடவே தாழ்கிறது. கடல் மட்டமோ உயர்ந்து வருகிறது. தலைநகரை வேறிடத்துக்கு மாற்றப் போவதாக இந்தோனேஷிய சர்க்கார் 2019-ல் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் சில இடங்கள் சென்ற நூற்றாண்டில் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தன. நீர் இறைப்பதற்குச் சட்டம் கடிவாளம் போட்ட பிறகே அது ஏறக்குறைய நின்றது. ஆனால் தாழ்ந்த நிலம் தாழ்ந்ததுதான்.

மேலநீலிதநல்லூரில் தரை அப்படித் தாழாது. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. இங்கே தாழ்வது நீர் மட்டம். வாசலில் கடல் வந்து நிற்பதில்லையாதலால் எச்சரிக்கையும் இல்லை. இன்னும் நூறு அடி துளைத்தால் போயிற்று என்று இருந்துவிடுகிறோம்.

ஆயினும் ஜகார்த்தாவுக்கு இல்லாத பாக்கியம் ஒன்று நமக்கு உண்டு. அமுங்கிய களிமண் பழையபடி விரியாது. வற்றிய பாறை வெடிப்போ, மழை நீர் இறங்கினால் மறுபடியும் நிரம்பும். அந்த மழையை நிறுத்தி வைக்கத்தான் முன்னோர் குளம் வெட்டினார்கள். ஐப்பசி பிறக்குமுன் குளத்தையும் வரத்துக்கால்களையும் தூர் எடுப்போம். துளைப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.