பதில் வராத அழைப்பு

பட்டனை அழுத்தியாகிவிட்டது. திரையில் சக்கரம் சுற்றுகிறது. பிறகு 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி. பணம் போயிற்றா, இல்லையா? மறுபடி அழுத்தினால் இரண்டு டிக்கெட் வந்து தொலையுமோ? ரயில் டிக்கெட் முதல் மின் கட்டணம் வரை இன்டர்நெட்டில் பணம் கட்டுகிறவர்களுக்கு நன்கு பழக்கமான இந்தத் தவிப்புக்கு, கம்ப்யூட்டர் உலகில் நாற்பது வயது தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் பாலோ ஆல்டோவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம், இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கும் வேலையை, அது தன்னிடமே இருப்பதுபோல ஒரே வரியில் ஏவலாம். பெயர், ரிமோட் புரொசீஜர் கால். சுருக்கமாக, ஆர்.பி.சி. புரோகிராமருக்கு ஏக வசதி: தூரம் கண்ணில் படாது. வில்லங்கமும் அங்கேதான்.

ஆனால் தூரத்தை அளக்க அவர்கள் தவறவில்லை. எதுவும் செய்யாத வெற்று அழைப்பு, ஒரே இயந்திரத்துக்குள் 9 மைக்ரோ செகண்டில் முடிந்தது. ஈதர்நெட் வழியே அடுத்த இயந்திரத்துக்குப் போய்வர சுமார் 1,100. இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதினர். பதில் வந்தால், வேலை ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது. வராவிட்டால், ஒரு முறை நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். எது என்று அழைத்தவருக்குத் தெரியாது.

பிறகு பல அவதாரங்கள். 1998-ல் வெப்புக்காக எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. 2015-ல் கூகுளின் ஜி.ஆர்.பி.சி. பிரவுசர்கள் அதனுடன் நேரடியாகப் பேச முடியாததால், நடுவில் தரகர் வைத்துப் பேசும் ஜி.ஆர்.பி.சி.-வெப் 2018-ல் வந்தது. அதன் ஆவணங்களும் பழைய பாட்டையே பாடுகின்றன: 'கெடு தாண்டிவிட்டது' என்ற பிழை, வேலை வெற்றிகரமாக முடிந்த பின்னும் வரலாம். கெடு எவ்வளவு என்று புரோகிராமர் குறிப்பிட மறந்தாலோ, காத்திருப்புக்கு எல்லையே கிடையாது.

இப்படி ஒரு புதிய சரக்கு கைக்கு வந்ததும் பல குழுக்கள் செய்யும் சோதனை வேடிக்கையானது. இரு முனைகளையும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டி, நொடிக்கு எத்தனை ஆயிரம் அழைப்புகள் என்று எண்ணுகிறார்கள். ஷெட்டுக்குள் காரை ஓட்டிவிட்டு மலைப்பாதைக்குச் சான்றிதழ் கொடுக்கிற கதை. டெல்லியிலிருந்து சென்னைக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 17 மில்லி செகண்ட் ஆகும். ஒரு திரையை நிரப்ப ஒன்றன்பின் ஒன்றாக 40 அழைப்புகள் என்றால், சர்வர் எத்தனை வேகமானதாக இருந்தாலும் அரை நொடிக்கு மேல் போச்சு. இந்தத் தாமதத்தை மேஜையிலேயே உருவாக்கிப் பார்க்க லினக்ஸில் நெட்எம் என்ற வசதி இருக்கிறது. செலவில்லை.

பணம் சம்பந்தப்பட்ட சோதனைக்குத்தான் கொஞ்சம் கொடூர மனசு வேண்டும். சர்வர் கணக்கில் தொகையைக் கழித்த மறுகணம், பதில் கிளம்பும் முன், அதன் கழுத்தை நெரிக்க வேண்டும். மறுபடி உயிர் கொடுத்து, பிரவுசரை மீண்டும் முயல விட வேண்டும். பிறகு திரை சொல்வதை நம்பாமல் டேட்டாபேஸைத் திறந்து, எத்தனை முறை பணம் கழிந்திருக்கிறது என்று எண்ண வேண்டும்.

இரண்டு இருந்தால், மருந்து தெரிந்ததுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண். அதே எண் திரும்ப வந்தால், சர்வர் வேலையை மறுபடி செய்யாமல் பழைய பதிலையே அனுப்பும். எண்ணும் தொகைக் கழிப்பும் ஒரே டிரான்ஸாக்ஷனில் பதிவாக வேண்டும். தனித்தனியாக எழுதினால் நடுவில் சர்வர் விழும்போது மீண்டும் அதே குழப்பம். சிலர் மறுமுயற்சியின்போது புது எண் போட்டுவிடுகிறார்கள். சர்வருக்கு அது புது வாடிக்கையாளர். இரண்டாவது டிக்கெட்டும் கையில் வந்துவிடும்.