சீட்டு எழுதினால் போதாது

தோ பாயோ லோரோங் 8ல் ஒரு புளோக்கில் குடியிருக்கும் ஐம்பது வயதுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரைக்கு லிஃப்டில் இறங்குகிறார். சட்டைப் பையில் ஆலோசகர்களான நாம் எழுதிக்கொடுத்த முகவரி. எட்டு மணிக்கு நகரில் ஏஏ கூட்டம், அதாவது குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் காப்பிக்கடை, பீர் போத்தல்கள் நிற்கும் மேசைகள், இருபது வருடமாகப் பழகிய முகங்கள். "என்னண்ணே, பார்க்காத மாதிரி போறீங்க?" என்று ஒரு குரல். அந்த மாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. மறுவாரம் நம்மிடம், "போனேன், எனக்கு ஒத்துவரல" என்கிறார். நாம் கோப்பில் எழுதுகிறோம்: "பரிந்துரைக்கப்பட்டது. ஊக்கம் குறைவு."

அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் எங்களை உறுத்துகின்றன. குறை அவர் ஊக்கத்தில் இல்லை, நாம் அனுப்பிய விதத்தில் இருக்கிறது.

1981ல் சிஸ்ஸன், மல்லாம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இருபது பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போலக் கூட்டத்தின் நேரமும் இடமும் சொல்லி, போகும்படி ஊக்கமும் கொடுத்தார்கள். மறு பிரிவில், ஆலோசகர் தம் அறையிலிருந்தே ஓர் ஏஏ உறுப்பினருக்குத் தொலைபேசியில் அழைத்து, வந்தவரையே பேசவைத்தார். கூட்டத்துக்கு முன் சந்திப்பதாகவும் கூட்டிப்போவதாகவும் உறுப்பினர் சொன்னார், நினைவூட்டவும் அழைத்தார். அந்தப் பிரிவில் பத்துப் பேரும் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. ஆய்வு சிறியதுதான். ஆனால் 2006ல் டிம்கோ குழுவினர் இன்னும் பெரிய அளவில் செய்த ஆய்வும், கைபிடித்து அனுப்புவது பலன் தருகிறது என்றே காட்டியது.

அப்படிக் கூட்டிப்போவதற்குக் கூட்டம் தகுதியானதா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயம். 2020ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கெடுத்த 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. நோயாளியை முறையாக ஏஏவோடு இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், மற்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்தது என்பது அதன் முடிவு. "இணைக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முகவரி எழுதிய சீட்டை அது குறிக்கவில்லை.

சிங்கப்பூரில் வழிகள் இருக்கின்றன. மனநலக் கழகத்தில் நாம்ஸ் என்ற போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கெம்பாங்கானில் வீ கேர் என்ற போதைமீட்புச் சேவை நிலையம் இருக்கிறது. ஏஏ கூட்டங்கள் நகரில் பல இடங்களில் நடக்கின்றன. 2016ன் சிங்கப்பூர் மனநல ஆய்வுப்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது மதுத் துர்ப்பழக்கத்துக்கு ஆளானவர்கள் 4.1 விழுக்காட்டினர். உதவி நாடியவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் நான்கு ஆண்டுகள். நான்கு ஆண்டு தயங்கி நம் வாசலுக்கு வந்தவரிடம், இன்னொரு வாசலைத் தனியாகத் தேடிப்போகச் சொல்கிறோம்.

நம் தமிழ் நோயாளிகளுக்கு இன்னும் சில தடைகள் உண்டு. கூட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலம். வேலையிடத்தில் ஆங்கிலத்தைச் சமாளிப்பவருக்கும், மனைவியை அடித்த இரவைப் பற்றிப் பேசத் தமிழ்தான் வேண்டும். சென்னையில் தமிழிலேயே நடக்கும் குழுக்கள் பல ஆண்டுகளாக உள்ளன. இணையவழிக் கூட்டங்கள் வந்தபின் தூரம் பெரிய தடையில்லை. முதல் சில வாரங்கள் தமிழில் கேட்கட்டும், பிறகு இங்குள்ள கூட்டத்துக்கு வரட்டும். கூட்டம் தேவாலய அறையில் நடந்தால் "மதம் மாத்திடுவாங்களா?" என்று கேட்பார்கள். அறையை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை பெர்மிட்டில் வந்த தம்பிக்கோ வேறு பயம். ஏஏவில் கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை என்பதை அவரிடம் நிதானமாக, இரண்டு முறையாவது சொல்ல வேண்டும்.

மாலை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் சொட்டுக் குடிக்காமல் இருப்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது பெரிய தவறு. அவர் ஏற்கெனவே ஒரு குழுவோடு, ஒரு குருசாமியின் கண்காணிப்பில், நாளை எண்ணிக் குடிக்காமல் இருந்து காட்டியவர். மலையிறங்கி மாலை கழற்றும் வாரம்தான் ஆபத்து. கூட்டத்தின் முதல் சந்திப்பை அந்த வாரத்துக்கே வையுங்கள். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் மாலை போடப் போகிறேன் என்றால், முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த நாள்களில் வரக்கூடிய சித்தப்பிரமை உயிரையே எடுக்கலாம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. ஒவ்வொரு நிலையத்திலும், அழைத்தால் வரச் சம்மதித்த ஏஏ உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேரின் எண்கள் இருக்கட்டும்; அவர்களில் ஒருவராவது தமிழ் பேசுபவராக இருக்கட்டும். பெண் நோயாளிக்குப் பெண்ணே துணை வரட்டும். மனைவிக்கு, 1951ல் தொடங்கிய அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டென்று அதே நாளில் சொல்லுங்கள். கோப்பில் "பரிந்துரைக்கப்பட்டது" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, "யாருடன் போனார்? எங்கே சந்தித்தார்கள்?" என்று எழுதுங்கள். சந்திக்கும் இடம் ரயில் நிலையமாக வேண்டாம். காப்பிக்கடைக்கு இந்தப் பக்கம், அவருடைய புளோக்கின் லிஃப்டுக்கு எதிரே, ஆறரை மணிக்கு.