இடமிருந்தும் இடமில்லை

பழனி மலையில் பளியர் முதியோரிடம் பதிவு செய்த பாடல்கள் என் லினக்ஸ் கணினியின் 8 ஜிபி நினைவட்டையை நிறைத்துவிட்டன. 32 ஜிபி அட்டைக்கு அப்படியே நகலெடுத்தேன். அப்போதும் 8 ஜிபி என்றே காட்டியது. அட்டையில் குறையில்லை, பழைய எல்லையும் சேர்ந்தே நகலாகியிருந்தது. 'குரோபார்ட்' கட்டளையால் முதலில் பகுப்பின் இறுதி எல்லையை நீட்டவேண்டும்; பிறகே 'ரீசைஸ்2எஃப்எஸ்' கட்டளையால் கோப்பு முறைமையை விரிக்கவேண்டும். தொடக்க எல்லை நகர்ந்தால் பாடல்கள் எட்டாமற் போகும்.

ஆகவே, நண்பர்களே, விரித்தபின்னும் பழைய அட்டையை அழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதலான ஒளிப்படத் தட்டுகளை மின்னுருவாக்கிய பின்னும் அவற்றைப் பேணிவருகிறது. ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட நமக்கு அந்த எச்சரிக்கை சற்று மிகுதியாகவே வேண்டும்.