பாடியவர்க்குப் பட்டினி, பதித்தவர்க்குப் பட்டாடையா?

"கையொப்பமிட்டவர் கட்டுப்பட்டவர்" என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடிக்கு அப்பால் ஓர் எழுத்தும் கற்க மறுப்பவர்கள் அமெரிக்க இசைத்தட்டுக் கொம்பனிகளின் சட்டத்தரணிகள் மட்டுமல்லர். படித்தவர்கள் என்று பெயரெடுத்த வேறு பலரும் உளர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடகர்களும், அவர்களுக்குப் பின்வந்த றிதம் அன்ட் புளூஸ் பாடகர்களும் உலகமே கேட்கப் பாடிவிட்டு வறுமையில் மாண்டனரே என்று யாராவது இரங்கினால், "கண்ணைத் திறந்துகொண்டுதானே கையெழுத்து வைத்தார்கள்? பின்னர் அழுது ஆவதென்ன?" என்று இவர்கள் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு விடையளிக்கவே இதை எழுதுகின்றோம். கடல் கடந்த பாடகரின் கணக்கேட்டில் நமக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போரும் இருக்கலாம். உழைத்தவனின் கூலியை ஏட்டில் எழுதி ஏய்க்கும் வித்தைக்குக் கடல் ஓர் எல்லையல்ல என்பதே அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி.

கையெழுத்து எங்கே வைக்கப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். வேர்ஜீனியா மாநிலத்துப் போட்ஸ்மத் நகரில் 1928 இல் பிறந்த ரூத் பிரவுண் என்னும் பாடகி, 1948 இல் நியூயோர்க்குக்குப் பாடச் செல்லும் வழியில் மோட்டார் விபத்திற் சிக்கிக் கால்கள் நொருங்கினார். பல மாதங்கள் மருத்துவமனையிற் கிடந்தார். அத்திலாந்திக் கொம்பனியின் ஒப்பந்தம் அந்தக் கட்டிலில் வைத்தே கையொப்பமானது. மருத்துவச் செலவிலும் கொம்பனி உதவியது உண்மை. அந்த நன்றியை அவர் மறந்தாருமல்லர். ஆனால், கட்டிலிற் கிடக்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணும் அவள் செலவுக்கு உதவும் கொம்பனியும் சமமாக நின்று பேரம் பேசினார்கள் என்று எந்த நீதிமன்றில் எழுந்து நின்று சொல்ல முடியும்?

1950 களின் முற்பாதியில் ரூத் பிரவுண் அடுத்தடுத்துப் பாடிய பாட்டுகள் அத்திலாந்திக்கைத் தூக்கி நிறுத்தின. "ரூத் கட்டிய வீடு" என்றே அக்கொம்பனியை மக்கள் அழைத்தனர். அவ்வீட்டைக் கட்டியவர் 1960 களில் என்ன ஆனார்? நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டிலே பிறர் வீடுகளிற் பணிப்பெண்ணாக வேலை செய்தார். பாடசாலைப் பேருந்து ஓட்டினார். அவர் பதித்த தட்டுகளோ விற்றுக்கொண்டுதான் இருந்தன. பங்கு எங்கே என்று கேட்டபோது, "பங்கா? நீர்தான் எமக்குக் கடன்" என்றது கொம்பனியின் கணக்கேடு!

இந்தக் கணக்கு வித்தையை விளக்குவது அவசியம். பாடகருக்கு விற்பனையில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையே பங்கு. அதுவும் நேரே கைக்கு வராது. பதிவுக் கூடத்தின் வாடகை, வாத்தியகாரர் கூலி, இசையமைத்தவர் சம்பளம் யாவும் பாடகரின் பெயரிலே பற்றெழுதப்படும். அவை கழிந்த பின்னரே பங்கு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: தட்டின் விலை 1 டொலர், பாடகர் பங்கு 3 சதம், பதிவுச் செலவு 1,500 டொலர். 50,000 தட்டுகள் விற்று முடியும்வரை பாடகருக்கு ஒரு சதமும் இல்லை. அதற்குள் சந்தையிலே 50,000 டொலர் புரண்டுவிடும். அடுத்த பாட்டைப் பதித்தால் பழைய பற்றின்மேல் புதிய பற்று. பருத்தித் தோட்டத்து வாரக்குடியானவன் ஆண்டு முடிவிற் கணக்குப் பார்க்கப் போய், முதலாளியின் கடையிற் கடனாளியாகத் திரும்பிய கதை தென் மாநிலங்களில் யாவரும் அறிந்தது. அந்தத் தோட்டங்களிலிருந்து தப்பி வடக்கே வந்தவர்களின் பிள்ளைகளை அதே பேரேடு பட்டணத்திலும் எதிர்கொண்டது. ஏட்டின் அட்டை மட்டுமே புதிது.

இதைச் சட்டம் தடுக்க முடியாது என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1965 இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், தளபாடக் கடையொன்றின் தவணைமுறை ஒப்பந்தம் பற்றிய வழக்கில், செய்துகொண்ட வேளையிலேயே மனச்சாட்சிக்கு ஒவ்வாததாய் இருந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றிக்கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் கிடைத்த இந்த நீதி பாட்டுக்குக் கிடைக்காதா?

கிடைக்கவில்லை. பெஸ்ஸி சிமித்தின் கதையைக் கேளுங்கள். 1923 இல் கொலம்பியாவுக்குப் பதியத் தொடங்கிய இவ்வம்மையார், புளூஸ் இசையின் பேரரசி என்று போற்றப்பட்டவர். தட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுத்தார்கள். விற்பனையிற் பங்கு இல்லை. 1937 செப்டெம்பர் 26 ஆம் நாள் மிசிசிப்பியில் மோட்டார் விபத்தில் மாண்டார். பிலடெல்பியாவுக்கு அருகே அவரைப் புதைத்த இடத்தில் 1970 வரை ஒரு கல்லும் இல்லை. அந்த ஆண்டிலே ஜனிஸ் ஜொப்லின் என்ற வெள்ளையினப் பாடகியும், சிறுவயதில் சிமித்தின் வீட்டில் வேலைசெய்த ஒரு பெண்மணியும் பாதிப்பாதி பணம் போட்டு நடுகல் நாட்டினர். அதே 1970 இல்தான் கொலம்பியா அவருடைய பழைய பதிவுகள் அனைத்தையும் புதிய தட்டுகளாக வெளியிடத் தொடங்கிற்று என்பதையும் வாசகர்கள் பக்கத்திலே குறித்துக்கொள்க. பின்னர் அவர் குடும்பத்தினர் வழக்காடினர். பிலடெல்பியா நீதிமன்று 1979 இல் அவ்வழக்கைத் தள்ளியது. வழக்குக்குரிய காலம் கடந்துவிட்டதாம்! எழுத்தறிவும் சட்டத்தரணியும் பணமும் இல்லாதவனுக்குத்தான் காலம் கடக்கும். கொம்பனிக்கு அது கடப்பதேயில்லை. அதன் உரிமை ஆண்டுக்கு ஆண்டு நீள்கின்றது.

ஆதர் கிறூடப் விடயத்திலோ கடன் எழுத்திலேயே இருந்தது. அவர் 1946 இல் பதித்த பாட்டொன்றை 1954 இல் எல்விஸ் பிறெஸ்லி தம் முதலாவது தட்டிற் பாடினார். பிறெஸ்லியை நாம் குற்றஞ்சாட்டவில்லை. கிறூடப்பிடம் தாம் பெற்றதை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். தட்டின் முகப்பிலும் ஆக்கியோன் கிறூடப் என்றே அச்சாகியிருந்தது. பெயர் தட்டிலே, பணம் யார் பெட்டியிலே? கிறூடப் வேர்ஜீனியாவிற் பண்ணைக் கூலியாட்களோடு உழன்றார். 1971 இல் 60,000 டொலர் தருவதாகப் பேசி முடிவாகியது. அவரும் பிள்ளைகளும் நியூயோர்க் சென்று தம் கையொப்பத்தை இட்டனர். மறுதரப்பு கடைசி நேரத்திற் கையொப்பமிட மறுத்தது. 1974 இல் அவர் இறந்தார்; பணம் அதன் பின்னரே பிள்ளைகளுக்கு வந்தது. கையொப்பத்தின் புனிதத்தைப் பற்றி எமக்குப் பாடம் நடத்துவோர் இந்த இடத்தில் வாய் திறப்பதைக் காணோம்.

வறுமைதான் இந்த இசையின் தாய், வயிறு நிறைந்திருந்தால் இப்பாட்டு பிறந்திராது என்று ரசிகமணிகள் சிலர் உருகுகின்றனர். பசித்தவன் பாட்டை உண்டு களித்துவிட்டு, அவன் பசிக்கு நன்றி கூறும் ரசனை இது! சிக்காகோவின் வில்லி டிக்சன், தமது பாட்டை எடுத்தாண்டதாக லெட் செப்பெலின் என்னும் ஆங்கிலக் குழுமீது 1985 இல் வழக்குத் தொடுத்தார். 1987 இல் அது இணக்கமாக முடிந்தது. உரிமையைக் கேட்டதால் டிக்சனின் பாட்டு உப்புச் சப்பற்றுப் போனதா?

1980 களில் ஹவெல் பெகிள் என்ற சட்டத்தரணி ஊதியம் பெறாமல் ரூத் பிரவுணுக்காகப் போராடினார். பிரச்சினை கொங்கிரஸ் சபையின் விசாரணைவரை சென்றது. 1988 இல் அத்திலாந்திக் இறங்கிவந்தது: பழைய பற்றுகளைத் தள்ளிவிட்டது, பிரவுணுக்கும் வேறு பலருக்கும் முந்திய இருபது ஆண்டுகளுக்கான பங்கைக் கொடுக்க இசைந்தது, நலிந்த கலைஞருக்கென ஒரு நிதியத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டொலரும் வழங்கியது. நிதியத்தை நாம் பழிக்கவில்லை. மருந்துக்கும் வாடகைக்கும் அது உதவியது. ஆயினும் கடன்பட்டவன் கடன்கொடுத்தவனுக்குத் தருமம் செய்ததாகப் பத்திரிகையிற் படம் வருவதைச் சகிக்க முடியவில்லை. இருபதாண்டுப் பங்கு என்றால், அதற்கு முந்திய ஆண்டுகளின் பங்கு எவருக்குச் சேர்ந்தது?

இன்னும் தீராத வழக்கு ஒன்றுண்டு. பிக் மாமா தோர்ன்ரன் 1952 இற் பாடிப் பதித்த பாட்டு, 1953 இல் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. தமக்குக் கிடைத்தது 500 டொலர்க் காசோலை ஒன்றே என்றார் அவர். 1984 இல் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே ஒரு வாடகை விடுதியில் இறந்தார். பாட்டை எழுதியவர்கள் வேறு இருவர். எனவே வானொலி அதை ஒலிபரப்பும்போது எழுதியோருக்குப் பணம் உண்டு. பாடிய குரலுக்கு? அமெரிக்கச் சட்டத்தில் சாதாரண வானொலி நிலையம் பாடியவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. 1972 பெப்ரவரி 15 க்கு முந்திய பதிவுகளுக்கு 2018 இல் டிஜிட்டல்வழி ஒலிபரப்புக்கு மட்டும் பங்கு விதித்தார்கள், சாதாரண வானொலியைத் தொடவில்லை. பாடியவருக்கும் பங்கு கேட்கும் மசோதாக்கள் கொங்கிரசுக்கு வருவதும், "உமது பாட்டுக்கு நாம் இலவச விளம்பரம் அல்லவா தருகின்றோம்" என்று நிலைய உரிமையாளர்கள் எதிர்ப்பதும், மசோதா கிடப்பிற் போவதும் வழக்கமாகிவிட்டது. தோர்ன்ரனுக்கு அந்த விளம்பரத்தால் எத்தனை வேளைச் சோறு கிடைத்தது என்பதை அவ்வுரிமையாளர்கள் கொங்கிரஸ் குழுவின்முன் சத்தியஞ் செய்து சொல்லட்டும்.