மின்சாரச் சந்தை திறந்தால் சம்மாந்துறை நெல் ஆலைகளுக்கு என்ன கிடைக்கும்?

இலங்கை மின்சார சபையைப் பிரிப்பது பற்றிய செய்திகளை நாம் பெரும்பாலும் தொழிற்சங்கப் போராட்டமாகவே வாசித்து வந்திருக்கின்றோம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையின் உற்பத்தி, கடத்தல், விநியோகப் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களிடம் ஒப்படைக்க வழி செய்தது. ஆட்சி மாறிய பிறகு, 2025 ஓகஸ்ட்டில் நிறைவேறிய திருத்தம் அந்த நிறுவனங்களை அரச உடைமையாகவே வைத்திருக்கிறது. அரசா தனியாரா என்ற வாதத்தில் அதிகம் பேசப்படாமல் போனது, மொத்த மின்சாரச் சந்தை ஒன்றுக்கான கதவையும் அந்தச் சட்டம் திறந்திருக்கிறது என்பது. அப்படியொரு சந்தை இயங்கும் நாடுகளில், பெரிய தொழிற்சாலைகள் யாரிடமிருந்து, எந்த நேரத்து விலையில் மின்சாரம் வாங்குவது என்பதைத் தாமே தீர்மானிக்கின்றன.

இதில் சம்மாந்துறைக்கு என்ன என்று கேட்கலாம். இங்கு மின்சாரத்தைக் கூடுதலாகப் பாவிக்கும் கைத்தொழில் என்றால் அது நெல் ஆலைதான். நெல் அவிக்க உமி போதும். ஆனால் குத்துவதற்கும் தீட்டுவதற்கும் நிறம் பிரிப்பதற்கும் கரண்ட் வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது அடி விழுந்த இடம் அது. பிறகு குறைந்தது, 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கியது, ஜூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தில் ஆலைக்காரருக்கு எந்தப் பங்கும் இல்லை. பட்டியல் வரும், கட்ட வேண்டும்.

42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட இணைப்புள்ள கைத்தொழில்களுக்கு இப்போதே நாள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, இரவு 10.30 வரை உச்ச விலை. அதன் பின் விடியும் வரை குறைந்த விலை. இரவில் ஆலையை ஓட்டினால் மலிவுதான். ஆனால் ஆலைகள் பல வீடுகளுக்கு நடுவில் இருக்கின்றன. நள்ளிரவில் இயந்திரச் சத்தத்தை எந்த அயலவர் பொறுப்பார்?

இந்தப் பட்டியல் சூரிய மின்சாரம் பரவுவதற்கு முந்திய காலத்துக்குரியது. இன்று நண்பகலில், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில், மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியது ஒரு ஞாயிறு முற்பகலில்தான். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதையை எல்லோரும் சொல்லிச் சிரித்தோம். தேவை குறைந்து, கூரைச் சூரிய மின்சாரம் கூடிய நேரத்தில் கட்டமைப்பு தளர்ந்திருந்தது என்பதே அதன் மறுபாதி. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

இங்கேதான் நமதூர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நமக்கு ஓய்வு நாள் வெள்ளி. ஞாயிறு வேலை நாள். நாடு உறங்கும் ஞாயிறு நண்பகலில் மோட்டார் ஓட்டுகின்ற ஆலை, கட்டமைப்புக்குச் சுமையல்ல, உதவி. நேரத்துக்கு நேரம் விலை மாறும் உண்மையான சந்தையில் அதற்கு மலிவான மின்சாரம் கிடைக்க வேண்டும். இப்போதைய பட்டியலில் ஞாயிறு நண்பகலுக்கும் திங்கள் காலை 9 மணிக்கும் ஒரே விலைதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரும்போக அறுவடை வந்து ஆலைகள் முழுமூச்சாக ஓடும் பெப்ரவரி, மார்ச் மாதங்களைத் தொடர்ந்துதான் நீர்த்தேக்கங்கள் வற்றுகின்றன, வெப்பத்தால் தேவை கூடுகிறது, எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்க நேர்கிறது. அப்போது சந்தை விலை ஏறும். சிறுபோக நெல் வரும் ஓகஸ்ட், செப்டம்பரில் தென்மேல் பருவக்காற்று. மன்னார் காற்றாலைகளும் சுழலும். ஆகவே ஆண்டு முழுவதும் சந்தை விலைக்குப் போவது நமது ஆலைகளுக்குச் சூதாட்டமாகிவிடலாம். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயல் வந்தபோது மொத்தச் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9,000 டொலராகி, சந்தை விலையில் வாங்கிய வீட்டுக்காரர்களுக்கே ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது.

தனி ஒருவராக எந்த ஆலையும் இந்தச் சந்தையில் நிற்க முடியாது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பாவனையாளர்களுக்கே முதலில் கதவைத் திறந்தது. 2022இல்தான் பசுமை மின்சாரத்துக்கு அந்த எல்லை 100 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டு நூற்பாலைகள் காத்திருக்கவில்லை. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நிறுவி, அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தை அரசின் கம்பி வழியாகக் கொண்டுவந்து தமது ஆலைகளில் பாவிக்கின்றன. பல ஆலைகள் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் குறைந்தது 26 வீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 வீதத்தைத் தாமே பாவித்தால், அது அவர்களின் சொந்த மின்சாரமாகக் கணக்கிடப்படுகிறது. நமது ஆலைகள் சேர்ந்து ஒரு சூரிய மின்நிலையம் அமைக்க இங்கு இப்படியொரு விதி வேண்டும்.

எழுதும் விதிகளில் இன்னொன்றும் கவனிக்கப்பட வேண்டும். குறைந்த அலகு பாவிக்கும் வீடுகளுக்கான சலுகையின் ஒரு பகுதியைப் பெரிய பாவனையாளர்களே சுமக்கிறார்கள். வணக்கஸ்தலங்களுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. பெரியவர்கள் சந்தைக்குப் போய்விட்டால், மிஞ்சும் பாரம் யார் தலையில்? இந்தியாவில் வெளியேறுபவர்களிடம் இதற்காக மேலதிக கட்டணம் அறவிடப்படுகிறது. அது கூடினால் சந்தையால் பயனில்லை. இல்லாவிட்டால் பள்ளிவாசல் பில்லும் ஏழை வீட்டுப் பில்லும் ஏறும். கொழும்பின் பெரிய கம்பனிகளுக்கு மட்டும் வசதியான அளவில் அது வைக்கப்படக் கூடாது.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத் திருத்தங்களுக்கு எழுத்திலும் வாய்மொழியாகவும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. 2025 ஒக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 வீத உயர்வை அது நிராகரித்ததும் அந்த வழமைக்குப் பிறகுதான். ஆலை உரிமையாளர்கள் அடுத்த அமர்வுக்கு முன் தமது பன்னிரண்டு மாதப் பில்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும்: எத்தனை அலகு, எந்த நேரத்தில், அறுவடை இல்லாத மாதங்களில் உச்சக் கேள்விக் கட்டணமாகவும் நிலையான கட்டணமாகவும் எவ்வளவு. ஞாயிறு பகல் விலையும், கூட்டு மின்நிலைய விதியும், பருவகால ஆலைகளுக்கான தனிக் கணக்கும் அந்த எண்களோடு கேட்கப்பட வேண்டியவை.